முதலாளி காதுக்கு மூன்று பேர் காவல்

ஊசிலங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு அரிசி மில். அந்த மில்லில் காது கேட்காத ஒரு முதலாளியும், காது நன்றாகக் கேட்கிற மூன்று ஆட்களும் இருந்தார்கள். இந்த நாலு பேரில் யாருக்கு வைத்தியம் அதிகம் தேவைப்பட்டது என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டும்தான் நம் வேலை.

முதலாளியின் பெயர் சடையாண்டி. அரவை மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு முப்பது வருஷம் உட்கார்ந்தவர். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தால்கூட, யாரோ மூட்டையை இறக்குகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். இடது காது அந்தச் சத்தத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வலது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்து, உள்ளே செவிப்பறையில் ஓட்டை. ஆனால் தனக்குக் காது கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எதிரில் நிற்பவர் வாய் அசைந்து நின்றதும், "சரி சரி, நல்லாப் புடைச்சுக் கொண்டா" என்பார். அரிசி மில்லுக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது பொருத்தமான பதிலாகவே இருந்தது.

பொருந்தாமல் போனது பால்துரைக்குத்தான். அவன் ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "ஐயா, எங்க மாமியா தவறிட்டாங்க" என்றான்.

"சரி சரி, நல்லாப் புடைச்சுக் கொண்டா. போன தடவை ஒரே கல்லு" என்றார் முதலாளி.

பால்துரை அன்றோடு மில் வாசலை மிதிக்கவில்லை. விஷயம் முதலாளியின் மனைவி பூரணத்தின் காதுக்குப் போயிற்று. அவள் காதில் பழுது இல்லை. மறுவாரமே புருஷனை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்தார், மெஷின் வைத்துச் சோதித்தார், வலது காதுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்.

ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து போன். மகளுக்குத் தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டதாம். பூரணம் ஒரு பக்கம் புருஷனையும் இன்னொரு பக்கம் போனையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மில் ஆட்கள் மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாள்.

மூத்தவன் ஒச்சப்பன். மூட்டை தூக்குகிறவன், முதலாளி மேல் உயிரையே வைத்திருந்தவன். பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டுச் சங்கதி அத்தனையையும் முதலாளியிடம்தான் ஒப்பித்து வந்தான். எதைச் சொன்னாலும் நன்றாகப் புடைக்கச் சொல்கிற மனுஷரிடம் ஏதோ ஆழம் இருக்கிறது என்று நம்பினான். இரண்டாமவன் செவத்தையா, எடைத் தராசுக்காரன். உலகத்தில் எதையும் நிறுத்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவன் கட்சி. மூன்றாமவன் வீரணன், உமி அள்ளுகிறவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவான். ஊர் படுகிற பாடெல்லாம் அந்த நாலு வார்த்தையால்தான்.

"ஒச்சப்பா, முதலாளியை உங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன். அந்த நர்ஸம்மா சொல்றதை ஒரு எழுத்து மாறாமச் செய்யணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றாள் பூரணம்.

"உசிரைக் குடுத்தாவது செய்வோம்மா" என்றான் ஒச்சப்பன். அவள் நிம்மதியாகப் பஸ் ஏறினாள். பாவம், அவள் மனசு மகளிடம் இருந்தது.

நர்ஸம்மா பெயர் ஜெபமணி. காது நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, வாயைத் தெளிவாகத் திறந்து நிதானமாகப் பேசுகிற பழக்கம் அவளுக்கு. மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னாள்:

"இங்க பாருங்க. காதுக்குள்ள ஒரு சவ்வை வச்சு ஓட்டையை அடைச்சிருக்கு. அது ஒட்டணும். பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பிரிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் அந்தக் காதுல பஞ்சும் கட்டும் இருக்கும், இன்னொரு காது ஏற்கெனவே மந்தம், அதனால இவருக்கு ஒண்ணும் கேக்காது. காதுல ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது. கனமானது எதையும் தூக்கக்கூடாது. மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தா வாயை நல்லாத் தெறந்துக்கிடணும். படுக்கும்போது ஆபரேஷன் பண்ணின காது மேலே இருக்கணும். தலை சுத்துதுன்னு சொன்னா உடனே பிடிச்சுக்கிடுங்க."

மூன்று பேரும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார்கள்.

"பேசறதுக்கும் முறை இருக்கு. கத்தக்கூடாது. முகத்துக்கு நேரா நின்னு பேசணும். உங்க முகத்துல வெளிச்சம் விழணும், அப்பத்தான் உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவாரு. ஒரு தடவை சொல்லிப் புரியலைன்னா அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க. வேற வார்த்தை போட்டுச் சொல்லுங்க."

ஒச்சப்பன் கையைத் தூக்கினான். "வேற வார்த்தை தீந்துபோச்சுன்னா என்னம்மா செய்யறது?"

ஜெபமணி சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒச்சப்பனுக்குத் தெரியவில்லை. ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தான்.

மில்லுக்குப் பின்னாலேயே முதலாளி வீடு. கட்டிலில் உட்கார வைத்ததும் முதலாளி முதன்முதலாகக் கேட்டது தண்ணீர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடிக்கிற தண்ணிதானே. காதுக்கு எப்பிடிப் போகும்?" என்றான் செவத்தையா.

வீரணன் வாயைத் திறந்தான். "தொண்டையில இருந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. டாக்டர் ரூம்ல படம் மாட்டியிருந்துச்சு."

"குழாயா?" என்றான் ஒச்சப்பன். "அதுக்கு அடைப்பான் உண்டுமா?"

"படத்துல இல்லை."

முதலாளி மறுபடியும் கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டினார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. குடித்தால் காது போகும், குடிக்காவிட்டால் ஆள் போவார். ஆள் இல்லாமல் காதை மட்டும் வைத்து என்ன செய்வது என்று செவத்தையா. காதைக் கெடுத்தால் பூரணத்தம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒச்சப்பன். கடைசியில் வீரணன்தான் முடிச்சை அவிழ்த்தான்.

"நர்ஸம்மா என்ன சொன்னா? ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாதுன்னா. ஒரு செம்புத் தண்ணிக்கு அவ ஒண்ணும் சொல்லலையே."

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாகக் குடித்துத் தொலைக்காமல் இருக்க முதலாளியின் கையோடு கை வைத்து ஒரே மூச்சில் குடிக்க வைத்தார்கள். முதலாளிக்குப் புரையேறியது. ஆனால் தாகம் தீர்ந்தது.

அடுத்தது படுக்கை. காது மேலே இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

"கட்டில் ஒண்ணரை அடி உசரம். இது மேலேன்னு ஆகுமா?" என்றான் ஒச்சப்பன்.

"திண்டு மேல போட்டா ஆகும்" என்றான் செவத்தையா.

"மூட்டை அடுக்கு அதைவிட மேலே" என்றான் வீரணன்.

மில்லுக்குள் நெல் மூட்டை ஒன்பது அடுக்கு நின்றது. கயிறு கட்டிக் கட்டிலை மேலே ஏற்றினார்கள். அதன்பிறகு முதலாளியை ஏணியில் ஏறச் சொல்லிக் கை காட்டினார்கள். அவர் ஏணியில் ஒரு காலை வைத்ததும் செவத்தையா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"நிறுத்துங்க! கனம் தூக்கக்கூடாதுன்னு சொன்னாளே."

"அவரு கையில ஒண்ணும் இல்லையேடா."

"ஏணியில ஏறினா எதைத் தூக்குறாரு? அவரை அவரேல்ல தூக்குறாரு! கொண்டாங்க, நிறுத்துப் பாப்போம்."

தராசு மேடையில் முதலாளியை நிறுத்தினார்கள். எண்பத்து நாலு கிலோ. நெல் மூட்டையைவிட ஒன்பது கிலோ கூட! இத்தனை வருஷம் அந்த மனுஷர் தன்னந்தனியாக இதைச் சுமந்து திரிந்திருக்கிறாரே என்று ஒச்சப்பன் உருகினான். அன்று முதல் பத்து நாளும் முதலாளியின் பாதம் தரையில் படவில்லை. ஒச்சப்பன் முதுகில் ஏறி மூட்டை அடுக்குக்குப் போனார், அவன் முதுகிலேயே கொல்லைப்பக்கம் போனார், ஒச்சப்பன் முதுகிலேயே திரும்பினார்.

"ஏலே, எறக்கி விடுங்கடா! எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லைடா!" என்று முதலாளி கத்தினார். அவர் கத்தலாம். கத்தக்கூடாது என்ற உத்தரவு மற்றவர்களுக்குத்தான்.

மில்லுக்குள் தவிட்டுத் தூசி கூரையை ஒட்டித்தான் நிற்கும். முதலாளியும் இப்போது கூரையை ஒட்டித்தான் இருந்தார். மறுநாள் காலையில் முதல் தும்மல் வந்தது.

"தும்மல்! தும்மல்!" என்று செவத்தையா ரகசியக் குரலில் பதறினான்.

மூன்று பேரும் வரிசையாக நின்று, அவரவர் வாயைத் தாடை வலிக்கத் திறந்துகொண்டார்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொள்ள வேண்டும் என்று நர்ஸம்மா அவர்கள் மூன்று பேர் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாள்? மேலே முதலாளி ஏழு தும்மல் தும்மினார். நல்லவேளை, "அடப் பாவிகளா" என்று திட்டத் தொடங்கிய வாயோடு தும்மியதால் அவர் வாயும் திறந்தே இருந்தது. ஏழு தும்மலில் பறந்த தவிடெல்லாம் கீழே திறந்திருந்த மூன்று வாயிலும் விழுந்தது.

"இது எதுக்குண்ணே நமக்கு?" என்று துப்பிவிட்டுக் கேட்டான் செவத்தையா.

"வைத்தியம்னா அப்பிடித்தான். பத்தியம் தாய்க்கு, குணம் பிள்ளைக்குன்னு குடுக்கறதில்லையா?" என்றான் ஒச்சப்பன்.

அடுத்த தும்மல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வேலை நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொள்வது என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

பெரிய சோதனை சாப்பாட்டில் வந்தது. பட்டப்பகலில் ஆளுக்கொரு டார்ச் லைட்டைத் தாடைக்குக் கீழே பிடித்து, வெளிச்சம் தங்கள் முகத்தில் விழும்படி அடித்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் ஏணியில் ஏறி முதலாளியின் முகத்துக்கு நேராகத் தலையை நீட்டினான். முதலாளி திடுக்கிட்டுச் சுவரோரம் ஒண்டினார்.

"சோறு ரெடிங்க முதலாளி."

"யாரு?" என்றார் முதலாளி.

புரியவில்லை. இனி அந்த வார்த்தையைத் தொடக்கூடாது. ஒச்சப்பன் "சாப்பாடு" என்றான். "கூப்பாடா? எங்க?" என்றார் முதலாளி. "சாதம்" என்றான். "மாசமா? மக பெத்துட்டாளா?" என்றார். "ஆகாரம்" என்றான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். செவத்தையாவும் கேட்டான். "நர்ஸம்மா சொல்லுங்கன்னுதான் சொன்னா. காட்டுங்கன்னு சொல்லலை" என்றான் ஒச்சப்பன். ஒரு எழுத்து மாறக்கூடாது என்று பூரணத்துக்கு வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே.

இரண்டு வேளையில் ஊசிலங்குளத்துக்குத் தெரிந்த வார்த்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. தான் கேட்ட கேள்விக்கு அந்த நர்ஸம்மா சிரித்திருக்கவே கூடாது என்று ஒச்சப்பன் மனம் வெதும்பினான். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனான். தமிழய்யா கரும்பலகை முன்னால் நின்று, தூங்குகிற வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, சோத்துக்கு வேற வார்த்தை இருக்கா? அவசரம்."

இருபத்திரண்டு வருஷ வேலையில் தமிழய்யாவிடம் யாரும் அவசரமாக வந்து ஒரு சொல்லைக் கேட்டதில்லை. அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "அடிசில். அமலை. அயினி. உண்டி. சொன்றி. புழுக்கல். பொம்மல். மிதவை. மூரல். வல்சி..." என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒச்சப்பன் ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்றபடி ஓடிவந்தான். வழியில் "மிதவை" மட்டும் தவறிவிட்டது.

ஏணியில் ஏறி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "முதலாளி, பொம்மல்" என்றான்.

முதலாளி அவன் உதட்டையே பார்த்தார்.

"மூரல்."

முதலாளியின் கண்ணில் நீர் தளும்பியது.

"வல்சிங்க முதலாளி, வல்சி! சொன்றி!"

அப்போது கீழே செவத்தையா குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தான். முதலாளிக்குக் காதுதானே போயிருந்தது, மூக்கு நன்றாகவே இருந்தது. "ஏலே, கருவாட்டுக் குழம்பு வாசனை வருது! சோத்தைக் கொண்டாங்கடா!" என்று அலறினார்.

ஒச்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆகாதுன்னு ஒதுக்கின வார்த்தையை அவரே சொல்லிட்டாரே!" ஆனாலும் சோறு மேலே போயிற்று. இரண்டு வேளைப் பசியில் முதலாளி சட்டியை வழித்துத் தின்றார். அதற்குப் பிறகு வேளாவேளைக்குக் கீழே சட்டியைத் திறந்து மூடுவார்கள், அவர் கேட்பார், இவர்கள் கொடுப்பார்கள்.

ஐந்தாம் நாள் முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துதுடா" என்றார். காது ஆபரேஷன் செய்தவர்களுக்கு அது வரும், சும்மா படுத்துக் கிடந்தால் போய்விடும். இவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று பேரும் பாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிடிச்சாச்சு. இன்னும் சுத்துதான்னு கேளு."

"எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு முதல்ல கேப்போம்" என்றான் வீரணன்.

ஒச்சப்பன் விரலைச் சுழற்றிக் காட்டிச் சைகையால் கேட்டான். முதலாளி விரலை வலப்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார். அப்படியானால் கட்டிலை இடப்பக்கமாகச் சுற்றினால் கணக்கு நேராகிவிடும் என்று மூட்டை அடுக்கின் மேலேயே கட்டிலைச் சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் விரல் இடப்பக்கமாகச் சுழன்றது. உடனே வலப்பக்கமாகச் சுற்றினார்கள். விரல் மாறியது, கட்டில் மாறியது. நடுப்பகல் வரைக்கும் இந்த வேலை ஓடியது. கடைசியில் முதலாளி புத்திசாலித்தனமாக விரலை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். தலைச்சுற்றல் தீர்ந்தது.

"பாத்தியா, கைவைத்தியம்" என்றான் ஒச்சப்பன், வேர்வையைத் துடைத்தபடி.

பத்தாம் நாள் வந்தது. ஒச்சப்பனுக்கு விடியற்காலையிலிருந்தே ஒரே யோசனை. கட்டைப் பிரிக்கும்போது உள்ளே சவ்வு ஒட்டவில்லை என்றால்? பன்னிரண்டு வருஷம் சொன்ன கதையெல்லாம் முதலாளிக்குக் கேட்கவே இல்லை என்பது அவனுக்கு இந்தப் பத்து நாளில்தான் உறைத்திருந்தது. அத்தனையையும் முதலிலிருந்து ஒருதடவை சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

டவுன் நாலு மைல். முதலாளி தன்னைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அதனால் கட்டிலோடு தூக்கிப் போவது என்று தீர்மானம். வலது காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். வெயிலும் தூசியும் படாமல் தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள். கட்டிலுக்கு நாலு கால், ஆள் மூன்று. மூன்று பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடித் தெருவுக்கு வந்தபோது, எதிரில் வந்தவன் பால்துரை.

கட்டிலைப் பார்த்தான். வெள்ளை வேட்டியைப் பார்த்தான். பெரிய கட்டுப் போட்ட தலை உள்ளே புடைத்திருப்பதைப் பார்த்தான். வாயை ஆவென்று திறந்தபடி, பட்டப்பகலில் டார்ச் லைட்டை முகத்தில் அடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் நடந்துவரும் மூன்று பேரையும் பார்த்தான்.

"இனிமே என்ன கோவம்" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலாவது காலுக்குத் தோள் கொடுத்தான்.

கட்டில் ஆடிய ஆட்டத்தில் முதலாளி தூங்கிப்போனார். கடைத்தெருவில் டீக்கடைக்காரர் ஓடிவந்து ஒச்சப்பன் கையைப் பிடித்தார்.

"எப்பப்பா ஆச்சு?"

"பத்து நாள் ஆச்சுங்க."

"பத்து நாளாவா வீட்ல வச்சிருந்தீங்க?"

"நர்ஸம்மா பத்து நாள் வச்சிருக்கச் சொன்னா."

"ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லலையேப்பா!"

"சத்தம் கூடாதுன்னு உத்தரவுங்க."

"இப்ப எங்க கொண்டுபோறீங்க?"

"டவுன் ஆஸ்பத்திரிக்கு. பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பித் தந்திருவாக."

டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடையை அடைத்துவிட்டுக் கூடவே நடந்தார். அவர் நடந்ததும் ஜவுளிக்கடைக்காரர் நடந்தார். பூக்கடையிலிருந்து மாலை வந்தது. பஸ் ஸ்டாப் வருவதற்குள் நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் நாலு பேர் ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பூரணம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். தூக்கி வருவது தன் வீட்டுக் கட்டில் என்பதைப் பார்த்தாள். "ஐயோ!" என்று பையைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒச்சப்பனுக்கு அதுவரை ஒரு சந்தேகமும் இல்லை. இப்போது வந்துவிட்டது. நூறு பேர் அழுகிறார்கள், முதலாளியம்மாவே அழுகிறாள். அவளுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

"செவத்தையா, முதலாளி போயிட்டாரோ?"

"தூக்கும்போது இருந்தாரே!"

"இப்ப கனம் கூடியிருக்கா, கொறைஞ்சிருக்கா?"

"தராசைக் கொண்டாரலையே" என்று செவத்தையா விசும்பினான். கட்டிலை இறக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் ஊரைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தார்கள். இனி யாருக்காகச் சத்தத்தை அடக்குவது?

கட்டில் தரையில் தட்டியதும் முதலாளி விழித்துக்கொண்டார். வேட்டியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஒப்பாரி நின்றது. பால்துரை கண் இமைப்பதற்குள் புளியமரத்தின் பாதியில் இருந்தான். ஜவுளிக்கடைக்காரர் வாய்க்காலில் இருந்தார்.

மடியில் மாலை, காலடியில் மாலை, சுற்றிலும் சனம். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னலே விசேஷம்?" என்றார்.

ஒச்சப்பன் டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு முகத்துக்கு நேராக நின்றான். "நீங்க செத்துப் போயிட்டீங்க முதலாளி."

"என்னது?"

அதே வார்த்தை கூடாது. "காலமாயிட்டீங்க."

"மாலைதான் தெரியுதே. எதுக்கு?"

ஒச்சப்பன் மரியாதையான வார்த்தையாகத் தேடி எடுத்தான். "சிவலோகப் பதவி கெடைச்சிருச்சுங்க."

முதலாளியின் கண் அவன் உதட்டில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது.

"பதவியா? எனக்கா?"

அவர் முகம் மலர்ந்தது. மீசையை நீவிவிட்டுக்கொண்டார். நாலு திக்கும் திரும்பிக் கூட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இத்தனை பேர் சேர்ந்து எனக்குக் குடுத்திருக்கீக. உங்க நம்பிக்கை வீண் போகாது. முதல்ல இந்த ரோட்டைப் போட்டுருவோம்" என்றார். பின்னால் நின்ற சிலர் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள்.

பூரணம் எழுந்து வந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, புருஷன் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். பதவி கிடைத்த சந்தோஷம் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று கூட்டம் முழுக்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிற்று.

ஜெபமணி கட்டைப் பிரித்தாள். டாக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா ஒட்டி நான் பார்த்ததே இல்லை. யாரு பார்த்துக்கிட்டது?" என்றார். ஜெபமணி வாசலைப் பார்த்தாள். வாசலில் மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

பூரணம் புருஷனுக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "கேக்குதா?"

முதலாளி வழக்கம்போல "சரி சரி" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முகம் மாறியது. "கேக்குது பூரணம்" என்றார். "என்ன புள்ள பெத்திருக்கா?"

"பொம்பளப் புள்ள."

அந்த வார்த்தையை முதலாளி தன் வாயாலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "ஒச்சப்பா, வாடா. என்னமோ சொல்லணும்னு நிக்கிறியே, சொல்லு."

பன்னிரண்டு வருஷக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று ஒச்சப்பனுக்குத் தெரியவில்லை. "எனக்குக் கல்யாணம் ஆகி மூணு புள்ளைக இருக்குங்க முதலாளி" என்றான்.

"அட, எப்படா ஆச்சு?" என்றார் முதலாளி. "அது கெடக்கட்டும். உன் தொண்டை இவ்வளவு கீச்சுன்னா இருக்கும்?"

இடது காதுக்கு நரம்பு பலவீனம். அதற்கு ஆபரேஷன் கிடையாது, கேட்கும் மெஷின்தான். கடலை அளவுக்கு ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டு ஜெபமணி ஒச்சப்பனிடம் கொடுத்தாள்.

"இதை எடுத்தவுடனே நாள் முழுக்கப் போட்டுக்கிட்டா தலைவலி வரும். படிப்படியாப் பழக்கணும். முதல் வாரம் வீட்டுக்குள்ள, அமைதியான எடத்துல, ஒரு மணி நேரம். அடுத்த வாரம் தெருவுல. அதுக்கு அடுத்து கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு. நல்லாப் பழக்கிட்டு வந்து சொல்லுங்க."

முதலாளி வலது காது கேட்கிற மிதப்பில் மெஷினை மறந்தே போனார். ஒச்சப்பன் மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

"பழக்கியாச்சாப்பா?" என்றாள் ஜெபமணி.

"ஒரு குறையும் இல்லாமப் பழக்கியாச்சும்மா. முதல் வாரம் வீட்டுக்குள்ள வச்சு ஒரு மணி நேரம் பேச்சுக் குடுத்தோம். அடுத்த வாரம் டப்பாவைத் தெறந்து தெருத் தெருவாக் கூட்டிட்டுப் போனோம். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் காட்டியாச்சு. கூட்டத்தைக் கண்டு மிரளலை. எங்க மூணு பேர் மடியிலயும் பயமில்லாம இருக்கு."

ஜெபமணி கையிலிருந்த சீட்டை மேஜையில் வைத்தாள்.

ஒச்சப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரே ஒரு குறைதாம்மா. பேர் வச்சுக் கூப்பிட்டுப் பாத்தோம், பின்னால நின்னு கை தட்டிப் பாத்தோம். திரும்பவே மாட்டேங்குது. பாவம், அதுக்குக் காது மந்தம் போலிருக்கு. அது காதுல போடற மாதிரி, இதைவிடச் சின்னதா இன்னொரு மெஷின் கெடைக்குமா?"